ஊசி முனையில் ஒரு பெருமிதம்



போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் பேருந்து, அடிவாரத்தை விட்டு ஜவ்வாது மலையின் வளைவுகளில் ஏறத் தொடங்கிவிட்டால், பயணிகளிடையே தானாகவே பேச்சு மூண்டுவிடும். மலையில் கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவரைக் காண்பதற்காகச் சில மாதங்களுக்கு முன் அப்பேருந்தில் சென்றேன். என் அருகே மலைவாழ் மக்களைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி அமர்ந்திருந்தாள். ஊர்த் திருவிழாவுக்காகத் திருப்பூரிலிருந்து வருவதாகச் சொன்னாள். பின்னலாடை ஆலை ஒன்றில் தையல் வேலையாம்.

"அப்படியானால் சட்டை, பனியன் எல்லாம் நன்றாகத் தைப்பாயா அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. எனக்குக் கழுத்துப்பட்டி மட்டும்தான் தைக்கத் தெரியும். மூன்று வருஷமாக அதைத்தான் தைக்கிறேன். முழுச் சட்டை ஒன்றுகூட நான் தைத்ததில்லை" என்றாள், சிரித்துக்கொண்டே.

அவள் எளிதாகச் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் அந்தச் சொற்கள் உள்ளத்தில் தைத்துவிட்டன. மூன்று ஆண்டுகள், நாள்தோறும், விடிந்தது முதல் அடையும் வரை தையல்! எனினும் 'இது நான் தைத்தது' என்று எடுத்துக் காட்ட ஓர் உருப்படி இல்லை. கை உழைக்கின்றது, ஆனால் கலை கைவரவில்லை. அவளைப் போன்று எத்தனை ஆயிரம் பெண்கள்!

அந்தப் பயணத்திலிருந்து திரும்பிய பின்னர் இப்பொருள் குறித்துப் படிக்கவும் விசாரிக்கவும் தொடங்கினேன். நம் மாநிலத்திலேயே, ஜவ்வாது மலைக்குத் தெற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் மற்றொரு மடிப்பில், அழிந்தேபோகவிருந்த ஓர் ஊசிக்கலையை இளம்பெண்கள் மீண்டும் கைக்கொண்ட வரலாறு ஒன்று கிடைத்தது. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சித்தேரிக்கும் கல்வராயனுக்கும் இடையே

தருமபுரி மாவட்டத்தில் அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகச் சென்றால் சிட்லிங்கி என்னும் பள்ளத்தாக்கை அடையலாம். ஒருபுறம் சித்தேரி மலை. மறுபுறம் கல்வராயன் மலை. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர், நம் ஜவ்வாது மலையில் உள்ளோரைப் போன்றே, மலையாளி எனப்படும் பழங்குடியினர். அவர்களுக்கிடையே தாண்டா எனப்படும் தனிக்குடியிருப்புகளில் லம்பாடி மக்களும் வாழ்கின்றனர்.

1993-ஆம் ஆண்டில் மருத்துவர்களான ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி தம்பதியர் இப்பள்ளத்தாக்கில் பழங்குடி நல முயற்சி என்னும் அமைப்பைத் தொடங்கினர். ஒரு கூரைக் குடிசையே அவர்களின் முதல் மருத்துவமனை. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன்பே இறந்துபோகும் அவலம் அப்போது அங்கே நிலவியது. அந்நிலையை மாற்றும் பணியிலேயே முதல் பத்தாண்டுகளும் கழிந்தன.

உயிர் பிழைத்த பிள்ளைகள் வளர்ந்தபோது அடுத்த வினா எழுந்தது. பிழைப்புக்கு என்ன செய்வது? வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் இளைஞர்கள் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூருக்கும் பிற நகரங்களுக்கும் புறப்பட்டுவிடுவர். இந்தச் சூழலில்தான் லலிதா அவர்களின் பார்வை, லம்பாடி மூதாட்டியர் பெட்டிகளில் மடித்து வைத்திருந்த பழைய ஆடைகளின் மீது விழுந்தது. கண்ணைப் பறிக்கும் பூத்தையல்! ஆனால் அத்தையலை அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலான முதியவர்கள் மட்டுமே. அவர்களுடைய மகள்களும் பேத்திகளும் அதனைக் கற்றிருக்கவில்லை.

2006-ஆம் ஆண்டு வாக்கில் அந்த முதியவர்களை ஆசிரியர்களாகவும் இளம்பெண்களை மாணவியராகவும் அமர்த்திப் பயிற்சி தொடங்கிற்று. பிறந்த அமைப்புக்குப் 'போர்கை' என்று பெயரிட்டனர். லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் 'பெருமிதம்' என்று பொருள்.

இப்பெயரின் கனத்தை நாம் உணர வேண்டும். நம்மூர்களில் 'லம்பாடி' என்னும் சொல்லை வசைச்சொல்லாகவே நெடுங்காலம் கையாண்டு வந்திருக்கிறோம். அடக்கமற்ற பிள்ளையைத் திட்டுவதற்கு அச்சொல்லை எடுக்காத தெரு உண்டா? ஒரு சமுதாயத்தின் பெயரையே இழிசொல்லாக்கினோம். அச்சமுதாயத்தின் பெண்களோ தங்கள் கைவேலைக்குப் 'பெருமிதம்' என்று பெயர் சூட்டினார்கள்! இதைவிடச் சிறந்த மறுமொழி வேறென்ன இருக்க முடியும்?

யார் இந்த லம்பாடியர்?

லம்பாடி, லம்பானி, பஞ்சாரா, சுகாலி எனப் பல பெயர்களால் அழைக்கப்படும் இம்மக்கள் ஒரு காலத்தில் இந்தியாவின் சரக்குப் போக்குவரத்தைத் தம் தோள்களில் சுமந்தவர்கள். எருதுகளின் முதுகில் உப்பும் தானியமும் ஏற்றி, நாடு விட்டு நாடு சென்றனர். உப்பைக் குறிக்கும் 'லவணம்' என்னும் சொல்லிலிருந்தே இவர்களின் பெயர் பிறந்தது என்பாரும் உண்டு. முகலாயப் படைகள் தக்காணத்துக்கு வந்தபோது அப்படைகளுக்கு உணவு தானியம் கொண்டுவந்து சேர்த்தவர்களும் இவர்களே. பத்தாயிரம், பன்னீராயிரம் எருதுகள் கொண்ட அவர்களின் அணிவகுப்பைப் பதினேழாம் நூற்றாண்டில் கண்ட பிரெஞ்சுப் பயணி தவேர்னியே வியந்து எழுதியிருக்கிறார்.

ரயில் வந்தது, எருதுகளுக்கு வேலை போயிற்று. அத்துடன் நின்றதா? பிரிட்டிஷ் அரசு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஊர் ஊராகச் செல்வோர் அனைவரையும் ஐயக் கண்ணோடு நோக்கிய அச்சட்டத்தின் பிடியில் பஞ்சாராக்களில் பல பிரிவினரும் சிக்கினர். நாடு விடுதலையடைந்த பின், 1952-இல்தான் அச்சட்டம் நாடு முழுவதும் நீக்கப்பட்டது.

இவர்களின் தாய்மொழியான கோர்போலிக்குத் தனியெழுத்து இல்லை. எழுத்தில்லாத மொழி பேசிய பெண்கள், தங்கள் அழகுணர்ச்சியையும் குலநினைவையும் எங்கே பதித்து வைப்பார்கள்? துணியில்தான். பாவாடையிலும், மார்க்கச்சையிலும், முக்காட்டிலும், நீர்க்குடத்தின் கீழே தலையில் வைக்கும் சும்மாட்டிலும்கூட அவர்களின் ஊசி ஓடியது. சிறுமியாக இருக்கும்போதே தாயின் அருகமர்ந்து கற்று, தன் திருமணத்துக்கான ஆடையையும் பைகளையும் தானே தைத்து முடிப்பது மரபு. கண்ணாடிச் சில்லும் சோழியும் நாணயமும் அத்தையலில் இடம்பெறும்.

கர்நாடகத்தில் சந்தூர் வட்டாரத்து லம்பானியர் தையலுக்கு 2010-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கீலன், வேலே, பக்கியா, மாக்கி, ரேலோ, நக்ரா என்று பதினான்கு வகைத் தையல்கள் அதில் உள்ளன. 2023 ஜூலையில் ஹம்பியில் ஜி-20 நாடுகளின் கூட்டம் நடந்தபோது, சந்தூர் குசல கலா கேந்திரத்தைச் சார்ந்த 450-க்கும் மேற்பட்ட லம்பானிப் பெண்கள் உருவாக்கிய 1,755 உருப்படிகள் ஒரே இடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுக் கின்னஸ் சாதனை நூலிலும் இடம்பெற்றன.

கற்பிப்பது எங்ஙனம்?

நான் மதரஸாவில் ஆசிரியை. கற்பித்தலே என் தொழில் என்பதால், இவ்வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தது இந்த வினாவே. பாடநூல் இல்லை, வரைபடம் இல்லை, அளவுக் குறிப்பும் இல்லை. மூதாட்டியின் விரல்களில் மட்டுமே இருக்கும் ஒன்றை இருபது வயதுப் பெண்ணின் விரல்களுக்கு எப்படி மாற்றுவது?

விரல் அறிந்ததை வாய் அறியாது என்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். "எத்தனை இழை விட்டுக் குத்துகிறீர்கள்?" என்று கேட்டால், பழுத்த கை படைத்தவர் திகைத்துப்போவார். "இப்படித்தான்" என்று குத்திக் காட்டுவார். அந்த 'இப்படித்தான்' என்பதற்குள் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆகவே மாணவி செய்ய வேண்டியது கேள்வி கேட்பதன்று, பார்ப்பது. ஊசி துணியினுள் நுழையும் இடத்தையும், வெளிவரும் இடத்தையும், நூல் ஊசிக்கு மேலே கிடக்கின்றதா, கீழே கிடக்கின்றதா என்பதையும் பொறுமையோடு பார்ப்பது. பிறகு செய்வது, பிழையெனில் பிரிப்பது, மீண்டும் செய்வது.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். வீட்டிலிருக்கும் சகோதரியர் செய்து பார்க்கலாம். கண்ணாடிச் சில்லில் துளை இல்லை. பசையும் இடுவதில்லை. பின் எவ்வாறு அது துணியில் நிற்கின்றது? சில்லைத் துணியின் மேல் வைத்து இடக்கைப் பெருவிரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். அதன் ஓரத்தை ஒட்டி ஊசியை மேலே எடுத்து, சில்லின் குறுக்கே இரு இழைகளை நெடுக்காகவும், இரு இழைகளை அவற்றின் மேல் கிடையாகவும் இறுக்கமாகப் போட வேண்டும். இப்போது சில்லின் மேல் ஒரு சதுரச் சட்டம் உண்டாகிவிடும். அடுத்து, ஓரத்தில் ஊசியை மேலே எடுத்து, அச்சட்டத்து இழைக்கு அடியில் நுழைத்து வெளிப்புறமாக இழுத்து, ஓரத்துத் துணியில் ஒரு சிறு குத்துக் குத்தி, நூலை ஊசிக்குக் கீழே விட்டு இழுக்க வேண்டும். இவ்வாறு சுற்றிவரச் சுற்றிவரச் சட்டத்து இழைகள் ஓரத்துக்கு ஒதுங்கும். நடுவே வட்டமாகக் கண்ணாடி கண் திறக்கும். முதல் நான்கு இழைகள் தளர்ந்திருந்தால் சில் கழன்று விழும். அதிகமாக இழுத்தாலோ துணி சுருங்கும். இந்த இறுக்கத்தின் அளவை எந்த நூலும் கற்பிக்காது. கைதான் கைக்குக் கற்பிக்க வேண்டும்.

நம் நீலகிரியில் தோடர் இனப் பெண்களின் தையலோ இன்னும் வியப்புக்குரியது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே உள்ள அச்சமுதாயத்தில், வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் பூ வேலை செய்கின்றனர். துணியில் கோடு வரைவதில்லை, அச்சுப் பதிப்பதில்லை. துணியின் ஊடையையும் பாவையும் கண்ணால் எண்ணியே தைக்கின்றனர். 2013-இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பள்ளிக்கூடம் காணாத மூதாட்டியர் கணக்கில் தவறுவதில்லை! இவர்களை எழுத்தறிவற்றோர் பட்டியலில் சேர்த்துவிட்டு, நம்மை அறிஞர் வரிசையில் வைத்துக்கொள்கிறோம்.

அகதிக் கூடாரங்களில் பூத்த பூக்கள்

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. தென் சீனம், வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து ஆகிய நாடுகளின் மலைகளில் ஹ்மோங் என்னும் இனத்தார் வாழ்கின்றனர். அவர்களின் பூத்தையலுக்கு அவர்கள் மொழியில் 'பூத்துணி' என்றே பெயர். அவர்களுக்கும் நெடுங்காலம் பரவலான எழுத்து இருந்ததில்லை. ரோமன் எழுத்தில் அம்மொழியை எழுதும் முறை 1950-களில்தான் உருவாயிற்று. லாவோஸ் போர் 1975-இல் முடிந்தபோது பல்லாயிரம் ஹ்மோங் மக்கள் மேக்கோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து அகதி முகாம்களில் தஞ்சமடைந்தனர்.

வயலும் இல்லை, வேலையும் இல்லை என்ற அந்த முகாம்களில் புதுவகைத் தையல் ஒன்று பிறந்தது. அதுவரை வடிவங்களாலான பூக்களையே தைத்து வந்த பெண்கள், தாங்கள் கண்ட போரையும், எரிந்த ஊரையும், ஆற்றைக் கடந்த கதையையும் துணியில் தைக்கத் தொடங்கினர். ஆண்கள் உருவங்களை வரைந்து கொடுத்தனர், பெண்கள் தைத்தனர். 'கதைத் துணி' எனப் பெயர்பெற்ற அவை விற்பனையாகி வயிற்றுக்கும் உதவின. பின்னர் அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின், கலிபோர்னியா மாநிலங்களில் குடியேறியபோது, ஆங்கிலம் மட்டுமே பேசி வளரும் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஊசியைக் கற்பிக்கும் கவலை பிறந்தது. பாட்டியின் மொழி புரியாத பேத்திக்குப் பாட்டியின் தையலாவது புரியட்டும் என்னும் ஏக்கம்!

பாலஸ்தீனச் சகோதரியரின் நிலையும் இத்தகையதே. ஒரு பெண்ணின் ஆடையில் உள்ள பூத்தையலைப் பார்த்தே அவள் எந்த ஊரினள் என்று சொல்லிவிடக் கூடிய காலம் ஒன்று அங்கே இருந்தது. 1948-இல் ஊர்கள் பறிபோயின. ஆனால் ஊரின் அடையாளம் ஆடையில் எஞ்சியது. லெபனான் அகதி முகாம்களில் இளம்பெண்களுக்கு அத்தையலைக் கற்பிக்க 1969-இல் 'இனாஷ்' என்னும் அமைப்பு தோன்றியது. 1987-இல் மக்கள் எழுச்சி வெடித்த காலத்தில், கொடியை ஏந்தத் தடை இருந்ததால், கொடியின் நிறங்களைப் பெண்கள் தம் ஆடையிலேயே தைத்து அணிந்தனர். 2021-இல் யுனெஸ்கோ இக்கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

நிலத்தைப் பறிக்கலாம், வீட்டை இடிக்கலாம். விரல்களில் இருப்பதைப் பறிக்க முடியாது. ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. பிறர் பறிக்க முடியாததை நாமே கைநழுவ விட்டுவிட முடியும்.

சந்தையும் மரபும்

சிட்லிங்கிக்குத் திரும்புவோம். அங்கே இன்று அறுபது பெண்கள் அளவில் இவ்வேலையில் ஈடுபட்டிருக்கின்றனர். பாட்டியர் அணிந்த கனத்த பாவாடையை இவர்கள் அணிவதில்லை. குர்த்தா, பை, மெத்தை உறை, சேலை ஆகியவற்றில் அதே தையலை இட்டு விற்கின்றனர். வயல்வேலை, வீட்டுவேலை போக எஞ்சிய நேரத்தில் வீட்டிலிருந்தபடியே தைக்க முடிகின்றது.

'அப்படியாயின் இது மரபுதானா? சந்தைக்காகச் செய்வது கலையாகுமா?' என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. என் சிற்றறிவுக்கு எட்டிய விடை இது: ஆடை மாறும், தையல் மாறத் தேவையில்லை. பாட்டியின் பாவாடையை அணிந்தால்தான் பாட்டியின் ஊசியைத் தொடலாம் என்று நிபந்தனை விதித்தால், பேத்தி இரண்டையும் விட்டுவிடுவாள். கூலி கிடைக்காத கலையை ஏழை வீட்டுப் பெண் எவ்வளவு காலம்தான் தூக்கிச் சுமப்பாள்?

அதே வேளையில் ஓர் எச்சரிக்கையும் தேவை. எந்தப் பூ, எந்த நிறம், எத்தனை உருப்படி என்று அனைத்தையும் கடைக்காரரே தீர்மானித்து, தைப்பவள் சொன்னதை மட்டும் செய்பவளாகிவிட்டால், திருப்பூர் ஆலையில் கழுத்துப்பட்டி தைத்தவளுக்கும் இவளுக்கும் என்ன வேறுபாடு? ஊசி எவர் கையில் இருக்கிறது என்பதைக் காட்டிலும், என்ன தைப்பது என்னும் எண்ணம் எவரிடம் இருக்கிறது என்பதே முக்கியம். முழு உருப்படியையும் எண்ணித் தொடங்கி எண்ணி முடிக்கும் உரிமை பெண்ணிடம் இருக்குமானால், அங்கேதான் பெருமிதம் பிறக்கும்.

என் நன்னியின் முக்காடு

ஊரார் கதையைச் சொல்லிவிட்டு என் கதையை மறைப்பது முறையாகாது.

என் நன்னி தொழுகைக்கு அணியும் வெள்ளை முக்காட்டின் ஓரத்தில், கொக்கி ஊசி இல்லாமல் சாதாரண ஊசியாலேயே வலை போல் பின்னிய பூ வரிசை ஒன்று ஓடும். பக்கத்துத் தெருப் பெண்களெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்து வியப்பார்கள். நான் கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்த நாட்களில், "வா புள்ள, இதைக் கத்துக்க. நாலு நாள் உட்கார்ந்தால் போதும்" என்று நன்னி பலமுறை அழைத்தார். "பரீட்சை இருக்கிறது நன்னி" என்பேன். பரீட்சை முடிந்தால் வேறொரு காரணம். உண்மை என்னவெனில், அதை நான் படிப்பில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணினேன். பட்டம் வாங்கினேன், நன்னியை வழியனுப்பியும் வைத்தேன். முக்காடு மட்டும் என் பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

சென்ற ஆண்டு என் மகள் அதை எடுத்துப் பார்த்து, "அம்மா, இதை எப்படிப் போடுவது?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. ஓர் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தாவது கற்கலாம் என்று அமர்ந்தேன். முடிச்சு எங்கே தொடங்குகின்றது என்பதே புலப்படவில்லை. ஒரு பூவைச் சிதைத்ததுதான் மிச்சம். நன்னி நான்கு நாட்களில் தருவதாகச் சொன்னதை நான்கு மாதங்கள் முயன்றும் பெற முடியவில்லை. அன்று நான் அழுதேன் என்பதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை.

ஜவ்வாது மலைப் பேருந்தில் அந்தப் பெண்ணைச் சந்தித்த பிறகே எனக்கு ஒன்று தோன்றிற்று. நன்னியின் தோழியர் எவரேனும் இருப்பார்களே! விசாரித்தேன். எண்பதைக் கடந்த ஒருவர் எங்கள் ஊரிலேயே இரு தெரு தள்ளி இருந்தார். முக்காட்டைக் கையில் கொடுத்ததும் விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இது அவ கை" என்றார். கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்க இயலவில்லை. என் மகள் கோத்துக் கொடுத்தாள். விரல்கள் சற்று நேரம் தடுமாறின; பின்னர் தாமாகவே வழி கண்டுபிடித்துக்கொண்டன.

இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் என் மகளும் மதரஸா மாணவியர் மூவரும் அவருடைய வீட்டுத் திண்ணையில் அமர்கின்றனர். நேர்வரிசையைக் கற்றுவிட்டார்கள். மூலை திரும்பும் இடத்தில் போடும் பூ மட்டும் இன்னும் எவருக்கும் பிடிபடவில்லை. அந்த அம்மையாருக்கும் அது முழுமையாக நினைவுக்கு வரவில்லை. 'நாளை வரும்' என்கிறார். அந்த நாளைக்காகக் காத்திருக்கிறோம். வராமலே போய்விட்டால், அந்தப் பூ என் நன்னியோடு போய்விட்டது என்றுதான் பொருள். அதன் பொறுப்பு என்னுடையது.

நாம் செய்யக்கூடியவை

வாசகப் பெருமக்களே! இக்கட்டுரையைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவதோடு நின்றுவிடாதீர்கள். அனுபவத்தில் கண்ட சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவதாக, உங்கள் வீட்டுப் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். தலையணை உறை, தொட்டில் துணி, முக்காடு, பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வை என எது இருந்தாலும் அதன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். தையலின் இரகசியம் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

இரண்டாவதாக, அதை அறிந்த முதியவர் எவரேனும் உயிரோடிருந்தால் இந்த மாதமே சென்று சந்தியுங்கள். கைபேசியில் பதிவு செய்வதாயின் முகத்தையன்று, விரல்களைப் பதிவு செய்யுங்கள். தையலுக்கு அவர் சொல்லும் பெயரை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். பெயர் போனால் பொருளும் பின்னாலேயே போய்விடும்.

மூன்றாவதாக, பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது பெரிய வேலையைத் தொடங்காதீர்கள். ஒரே அமர்வில் முடியும் கைக்குட்டையின் மூலை போதும். முடித்த பொருளைக் கையில் ஏந்தும் மகிழ்ச்சியே அடுத்த பாடத்துக்கு அழைத்துவரும். தவறாகப் போட்டதைப் பிரிக்கச் சொல்லும்போது கடிந்து சொல்லாதீர்கள். பிரிப்பதும் ஒரு பாடமே.

நான்காவதாக, இது பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்காதீர்கள். வட இந்தியாவில் ஜர்தோசி வேலை செய்யும் கலைஞர்களில் ஆண்கள் ஏராளம். நம் ஊர்களின் தையற்கடைகளிலும் ஆண்கள்தாமே ஊசி பிடிக்கிறார்கள்?

ஐந்தாவதாக, கைவேலைப் பொருளை வாங்கும்போது, "இந்தத் துணிக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுமுன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நாம் விலை கொடுப்பது துணிக்கன்று; ஒரு பெண் குனிந்திருந்த நாட்களுக்கு. அந்நாட்களுக்கு உரிய கூலியைக் கொடுத்தால்தான் அவளுடைய மகளும் அருகே வந்து அமர்வாள்.

அன்று பேருந்திலிருந்து இறங்குமுன் அந்த மலைப்பெண் என் கைப்பையில் இருந்த ஒரு சிறு பூ வேலையைத் தொட்டுப் பார்த்து, "இதெல்லாம் கத்துக்க ரொம்ப நாள் ஆகுமா அக்கா?" என்று கேட்டாள். "நான்கு நாள் உட்கார்ந்தால் போதும்" என்றேன். என் நன்னியின் சொற்கள் என் வாயிலிருந்து வந்தன. சொல்லிய பிறகே, அவளுக்கு நான்கு நாள் விடுமுறை எவரும் தரமாட்டார்களே என்பது நினைவுக்கு வந்தது.

விடுமுறை உள்ளவர்கள் நாம். இன்ஷா அல்லாஹ், இன்றிரவே பெட்டியைத் திறப்போம்.